கொழும்பிலிருந்து மானிடவியல் படிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிடவியல் என்பது பழங்குடிகளைப் பற்றிய படிப்புத்தானே?

தொடங்கியது அப்படித்தான். 1911இல் செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடர்களைப் பற்றி எழுதிய காலத்தில், தூரத்து மக்களைத் தேடிப் போவதே மானிடவியலாக இருந்தது. இன்று வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நிர்வாகக் குழுவைப் பற்றியும், செட்டியார் தெரு நகைப் பட்டறையில் தொழில் கைமாறும் விதத்தைப் பற்றியும் மானிடவியல் ஆய்வேடு எழுதலாம். யாரைப் படிக்கிறோம் என்பது மாறிவிட்டது, எப்படிப் படிக்கிறோம் என்பது பெரிதாக மாறவில்லை. ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அவர்களுடைய மொழியில் கதைக்க வேண்டும், கேட்டதை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும்.

சமூகவியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இலங்கையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே துறைக்குள் கற்பிக்கப்படுவதால் குழப்பம் இயல்பு. சீதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுநூறு வீடுகளுக்கு வினாக்கொத்துக் கொடுத்து எத்தனை வீதம் காணி, எத்தனை வீதம் காசு என்று கணக்கிடுவது சமூகவியலாளருக்குப் பழகிய வழி. ஆறு குடும்பங்களோடு மாதக்கணக்கில் பழகி, பேரம் எந்த இடத்தில் தொடங்குகிறது, யார் வாயால் தொகை முதலில் வருகிறது, ‘சீதனம்’ என்ற சொல்லையே தவிர்க்க என்ன சொற்களைக் கையாளுகிறார்கள் என்று பார்ப்பது மானிடவியலாளரின் வழி. இந்தக் கோடு கறாரானது அல்ல. இரு பக்கமும் கடன் வாங்குவது வழக்கம்.

நீண்டநாள் இருந்து பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெயர்பெற்ற உதாரணம் உண்டு. பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இல் வடமத்திய மாகாணத்தில் புல் எலிய என்ற சிறு குளத்துக் கிராமத்தில் வயல் வயலாக அளந்து, எந்தத் துண்டு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடினார். உறவுமுறை விதிகளே கிராமத்தை நடத்துகின்றன என்று அன்றைய மானிடவியல் நம்பியிருந்தது. நிலமும் நீரும் அசையாமல் இருக்க, உறவுப் பேச்சுத்தான் அவற்றுக்கு ஏற்ப வளைகிறது என்று லீச் வாதிட்டார். வினாக்கொத்தில் இது அகப்பட்டிருக்காது.

எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம்?

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய அரச பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் சமூகவியலோடு சேர்த்து மானிடவியல் பாடங்கள் உண்டு. துறையின் பெயரிலேயே ‘மானிடவியல்’ இருப்பது ஸ்ரீ ஜயவர்தனபுரவில். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோர் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானப் பாடங்களைப் பார்க்கலாம். அங்கே கட்டணம் உண்டு.

பலர் தவறவிடும் விஷயம் மொழிமூலம். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் கலைப்பாடங்களைத் தமிழில் படிக்கலாம். மற்ற இடங்களில் அது பாடத்துக்குப் பாடம், வருடத்துக்கு வருடம் மாறும். முதலாம் வருடத்தில் தமிழில் இருந்த பாடம் மூன்றாம் வருடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கக்கூடும். ஆகவே துறை அலுவலகத்தில் மூன்று கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள்: சிறப்புப் பட்டம் வரைக்கும் தமிழில் விரிவுரை உண்டா? இல்லையென்றால் பரீட்சையைத் தமிழில் எழுதலாமா? ஆய்வேட்டைத் தமிழில் சமர்ப்பிக்கலாமா? மூன்றுக்கும் மூன்று விதமான பதில் வரலாம். வேறு பாடம் தெரிவதற்கான கடைசித் திகதிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும்?

உயர்தரத்தில் மானிடவியல் என்று ஒரு பாடம் இல்லை, எல்லோரும் பூச்சியத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கலைப்பீடத்துக்கான தகைமையும் இசட் புள்ளியும் போதும். அந்த வருடத்துக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைப் பாருங்கள், பழைய கைநூலை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

பொதுப் பட்டமா, சிறப்புப் பட்டமா?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியால உழைப்பு என்று கணக்கு. அப்படியானால் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம். அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது ஏறக்குறைய மூன்றிலொன்றுதான், மிச்சம் நீங்களாகச் செய்வது.

மானிடவியலை முறையாகப் பழக வேண்டுமென்றால் சிறப்புப் பட்டமே எங்கள் பரிந்துரை. நான்காம் வருட ஆய்வேடுதான் காரணம். களத்துக்குப் போகாமல் மானிடவியல் முடிப்பது, கடலைப் பாராமல் நீச்சல் பரீட்சை எழுதுவது போன்றது.

தமிழில் படித்தால் பின்தங்கிவிடுவோமா?

வாசிப்புக்கு ஆங்கிலம் வேண்டும், அதை மறைக்கத் தேவையில்லை. வாரத்துக்கு 30, 40 பக்கம் ஆங்கிலக் கட்டுரை வாசிக்கும் பழக்கத்தை முதலாம் வருடத்திலேயே தொடங்குங்கள். ஆனால் களத்துக்குப் போனதும் கணக்கு தலைகீழாகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டு வருடம் செலவழித்துக் கற்கும் மொழி உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் குறை என்று நினைத்து மொழிபெயர்த்தே சிந்திக்கும் மாணவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள்.

ஒரேயொரு சொல்லை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் அண்ணன் தம்பி, அப்பாவின் சகோதரியுடைய கணவர், கலியாணம் செய்தபின் மனைவியின் அல்லது கணவனின் தகப்பன் என எல்லோரும் ‘மாமா’. அப்பாவின் தம்பியோ ‘சித்தப்பா’. சித்தப்பாவின் பிள்ளைகள் அண்ணன், தங்கச்சி. மாமாவின் பிள்ளைகள் மச்சான், மச்சாள். யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது என்ற விதி முழுவதும் இந்தச் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது. இரு பக்கத்தாரையும் ‘அங்கிள்’ என்று எழுதிய கணத்தில் அந்த விதி அழிந்துபோகிறது. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் உலகத்து உறவுமுறைச் சொற்களைத் தொகுத்தபோது தமிழ்ச் சொற்களும் அந்த அட்டவணைகளில் இடம்பெற்றன. இந்த அமைப்பை இன்றும் உலகமெங்கும் ‘திராவிட உறவுமுறை’ என்றே கற்பிக்கிறார்கள். சிங்களத்திலும் மச்சானுக்கு மஸ்ஸினா, மச்சாளுக்கு நேனா என்று இதே அச்சுத்தான்.

இதையே கொழும்புக்குக் கொண்டுவாருங்கள். பஸ் நடத்துநரும் பயணியும் இனம் பாராமல் ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்கிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மேல்வீட்டுப் பெண் ‘அன்ரி’, கோயிலில் சந்திக்கும் பெண் ‘மாமி’, மரக்கறி விற்கும் பெண் ‘அம்மா’ அல்லது ‘அக்கா’. யார் அன்ரி, யார் மாமி என்பதை எது தீர்மானிக்கிறது? இரண்டு வாரம் காதில் விழுவதையெல்லாம் எழுதிவைத்தாலே ஒரு நல்ல ஒப்படைக்கான சரக்குச் சேர்ந்துவிடும்.

உறவுமுறை வரைபடத்தை எப்படி வரைவது?

ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். திருமணத்துக்குச் சமன் குறி. சகோதரர்களை மேலே ஒரு கிடைக்கோடு இணைக்கும், பெற்றோரிடமிருந்து நிலைக்கோடு இறங்கும். இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. தகவல் சொல்பவரின் குறியை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள், எல்லா உறவுப் பெயரும் அவர் நின்ற இடத்திலிருந்து எண்ணப்படுவது.

ஏ4 தாளைக் கிடையாக வையுங்கள். பென்சில்தான், பேனை வேண்டாம். தகவல் சொல்பவரை நடுவிலிருந்து சற்றுக் கீழே போட்டு மேலேயும் பக்கங்களிலும் வளருங்கள். பூட்டன் பூட்டியிலிருந்து தொடங்கினால் மூன்றாவது தலைமுறையில் தாள் முடிந்துவிடும், முதல் தடவை வரைபவர்கள் எல்லோரும் இதில்தான் மாட்டுகிறார்கள். விடுபடுபவர்கள் மூன்று வகை: சிறுவயதில் இறந்த பிள்ளைகள், முதல் மணம் அல்லது இரண்டாம் மணம், வெளிநாட்டில் இருப்பவர்கள். ‘எத்தனை சகோதரங்கள்?’ என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். ‘அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தது?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அவர் வாயால் அழைக்கும் சொல்லை எழுத மறக்காதீர்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பமென்றால் குடி (குலம்) என்ன என்றும் கேட்க வேண்டியிருக்கும். அங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக இறங்குகிறது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே அக்கரைப்பற்றில் செய்த நீண்டகால ஆய்வு இதை விரிவாகக் காட்டியது.

களக்குறிப்பு என்றால் என்ன எழுத வேண்டும்?

முழுப் படிப்பிலும் அதிகம் பிழைக்கும் இடம் இது. முதலாவது ஒப்படையில் பெரும்பாலும் வரும் வாக்கியம்: ‘கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் பக்தியுடன் வழிபடுகின்றனர்.’ இதைக் கொச்சிக்கடைக்குப் போகாமலே எழுதலாம். அதே இடத்தை இப்படிப் பாருங்கள் (மாதிரிக்காக எழுதியது):

*செவ்வாய், காலை 9.40. வாசலுக்கு வெளியே மெழுகுதிரி விற்குமிடம். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், நெற்றியில் திருநீறு. மூன்று மெழுகுதிரி எடுக்கிறார். விற்பவர் சிங்களத்தில் விலை சொல்கிறார். பெண் தமிழில், “இன்னும் ஒண்டு வையுங்கோ, மகனுக்கு.” விற்பவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி நாலாவதை வைக்கிறார். பெண் செருப்பை அந்த இடத்திலேயே கழற்றி விட்டு உள்ளே போகிறார். 10.05க்குத் திரும்பி வந்து செருப்பைப் போடுகிறார். காசு அப்போதுதான் கொடுக்கிறார்.*

இதில் ‘பக்தி’ என்ற சொல்லே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் தானாக எழுகின்றன. திருநீறு எங்கே பூசியது, வழியில் வேறு கோயிலுக்குப் போனாரா? மகன் எங்கே? காசைப் பிறகு கொடுப்பதென்றால் எவ்வளவு காலப் பழக்கம்? இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசி விளங்கிக்கொள்வது இங்கே வழக்கமா? தேவாலயத்துக்கும் முருகன் கோவிலுக்கும் கொழும்புத் தமிழில் ‘கோயில்’ என்ற ஒரே சொல் இருப்பதும் இந்த வரிசையில் சேரும்.

எழுதும் முறை இதுதான். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு குறிப்புப் புத்தகம் ஒன்று, வீட்டில் 200 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று. களத்தில் சிறு புத்தகத்தில் சொல், நேரம், இலக்கம் மட்டும் குறியுங்கள். அன்றிரவே கொப்பியில் விரித்து எழுதுங்கள். வலப்பக்கத்தில் கண்டது, கேட்டது மட்டும். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு உங்கள் சந்தேகம், ஊகம், எரிச்சல் எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். இரண்டும் கலந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு எது நடந்தது, எது நீங்கள் நினைத்தது என்று பிரிக்க முடியாது. ஒரு மணித்தியாலம் களத்தில் நின்றால் எழுத இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நித்திரை கொண்டுவிட்டு காலையில் எழுதலாம் என்று விட்டால் கருத்து மிஞ்சும், சொல் போய்விடும். மானிடவியலுக்குத் தேவை அந்தச் சொல்தான்.

நேர்காணலில் ஆட்கள் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறார்களே?

கேள்வி அப்படி. ‘சீதனம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்றால் ‘அது பிழையான வழக்கம்’ என்ற பாடப்புத்தகப் பதிலே வரும். ‘உங்கள் கடைசித் தங்கச்சியின் கலியாணப் பேச்சு வந்தபோது முதலில் வீட்டுக்கு வந்தது யார்? அண்டைக்கு என்ன கதைத்தவை?’ என்று கேட்டால் அரை மணித்தியாலம் ஓடும். ‘ஏன்’ என்பதைக் குறைத்து ‘கடைசியாக எப்போது’, ‘பிறகு என்ன நடந்தது’ என்று கேளுங்கள். அவர் பேச்சை நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பெரும்பாலும் முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகே வரும்.

கொழும்பில் எந்த இடத்தைக் களமாக எடுக்கலாம்?

திரும்பத் திரும்பப் போகக்கூடிய இடத்தை எடுங்கள். ஒரு பஸ்ஸில் போய்வர முடியாத களம் மூன்றாவது வாரத்தில் கைவிடப்படும். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள், செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மலாய்க் குடும்பங்கள் வாழும் கொம்பனித்தெரு, வெள்ளவத்தைக் கடைத்தெரு எல்லாம் நல்ல களங்கள். ஆடிவேல் விழாவைத் தேரோடும் நாளில் மட்டும் பார்ப்பதால் பயன் குறைவு. முந்திய வாரங்களில் யார் எதற்குக் காசு சேர்க்கிறார்கள், பந்தல் யார் பொறுப்பு, விழா முடிந்தபின் கணக்கு எங்கே காட்டப்படுகிறது என்பதில்தான் ஆய்வு இருக்கிறது.

ஒரு சொல் விடயத்தில் கவனம். யாழ்ப்பாணத்தவருக்குத் ‘தோட்டம்’ மிளகாய், வெங்காயம் செய்யும் நிலம். மலையகத்தவருக்குத் தேயிலையும் லயனும். கொழும்பிலோ சிங்களத்தில் ‘வத்த’ என்று முடியும் நெருக்கமான குடியிருப்பு. மூன்று இடத்து ஆட்களும் ஒரே வீதியில் வசிக்கும் நகரத்தில் ‘தோட்டத்திலதான் வளந்தனான்’ என்று ஒருவர் சொன்னால், எந்தத் தோட்டம் என்று கேட்காமல் எழுதக்கூடாது.

வெளியே போக முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரங்களை எட்டு வாரம் வெட்டி ஒட்டுங்கள். ஊர், சமயம், தொழில், வதிவிட நாடு, நட்சத்திரம், விளம்பரம் கொடுப்பது யார் என்று நிரல்கள் போட்டு நிரப்புங்கள். எது வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது, எது ஊர்ப் பெயருக்குள் மறைந்து சொல்லப்படுகிறது என்பது மெல்லத் தெளியும். முதலாம் வருடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தோன்றவில்லை.

சாதி பற்றி நேரே கேட்கலாமா?

கேட்காதீர்கள். ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்வியே கொழும்பில் இலேசானது அல்ல. யாழ்ப்பாணமா, மலையகமா, கிழக்கா, எந்தக் கிராமம், அந்தக் கிராமத்தில் எந்தக் குறிச்சி என்று படிப்படியாக இறங்கி ஆளை நிறுத்துப் பார்க்கும் கேள்வி அது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். முதல் சந்திப்பில் அதைத் தவிர்த்து, கொழும்புக்கு எப்போது வந்தீர்கள், முதலில் எங்கே தங்கினீர்கள் என்று தொடங்குங்கள். சாதி தானாகப் பேச்சில் வந்தால் கவனமாகக் கேளுங்கள், வராவிட்டால் அதைக் கிளற உங்களுக்கு உரிமை இல்லை. உங்களையும் அதே கேள்வியால் நிறுப்பார்கள். பொய் சொல்லாமல், ஆனால் சுருக்கமாகப் பதில் சொல்லப் பழகுங்கள்.

சம்மதப் படிவம் கட்டாயமா? கையெழுத்து வைக்கப் பயப்படுகிறார்களே?

சம்மதம் கட்டாயம். அது எந்த வடிவில் என்பதை உங்கள் பீடத்தின் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு தீர்மானிக்கும். போர்க்காலத்தில் வீடுவீடாகப் பொலிஸ் பதிவு நடந்த நகரம் இது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் குடும்பங்கள் பட்ட சந்தேகப் பார்வையும் மறக்கக்கூடியதல்ல. படிவமும் பேனையுமாக வரும் அந்நியரைக் கண்டு தயங்குவது முற்றிலும் நியாயம். ஆகவே விண்ணப்பத்திலேயே காரணத்தை எழுதி வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி கேளுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியவை: நீங்கள் யார், எந்தத் துறை, எதற்காகக் கேட்கிறீர்கள், யார் வாசிப்பார்கள், பெயர் வராது, எந்த நேரமும் நிறுத்தலாம், சொன்னதைத் திரும்பப் பெறலாம். இரண்டு நிமிடத்துக்குள் பேச்சுத்தமிழில் சொல்லி முடிய வேண்டும். துறைத்தலைவரின் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும். குடியிருப்புப் பகுதியில் நாள்கணக்கில் நிற்பதானால் கிராம உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். ஆனால் அவரோடு சேர்ந்து வீடுகளுக்குப் போகாதீர்கள். போனால் நீங்கள் நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தவர் ஆகிவிடுவீர்கள், பதிலெல்லாம் அதற்கேற்ப வரும்.

புனைபெயர் வைக்கும்போது சமயத்தையும் பால்நிலையையும் மாற்றாதீர்கள். பாத்திமாவை வள்ளி ஆக்கினால் தரவு செத்துவிடும். ஒரே தொழில் செய்பவர் தெருவில் ஒருவர்தான் என்றால் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அங்கே தொழிலையோ தெருவையோ மங்கலாக்குங்கள்.

ஒலிப்பதிவு, எழுத்தாக்கம் பற்றி?

போனில் பதியலாம். அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடாமல் விமானப் பயன்முறையில் போடுங்கள். மேசையில் நேரே வைத்தால் மின்விசிறியின் அதிர்வு உள்ளே போகும், மடித்த துணியின்மேல் வையுங்கள். தொடக்கத்தில் திகதி, இடம், நேர்காணல் இலக்கம் சொல்லுங்கள், பெயர் சொல்லாதீர்கள். அன்றே இரண்டாவது இடத்தில் பிரதி எடுங்கள்.

ஒரு மணித்தியாலப் பதிவை எழுத ஐந்து முதல் ஏழு மணித்தியாலம் பிடிக்கும், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் கூடும். 15 நேர்காணல் என்றால் ஏறக்குறைய 100 மணித்தியாலம். இதைக் கணக்கிடாமல் கடைசி மாதம்வரை பதிவுகளைக் குவித்து வைப்பதுதான் ஆய்வேடுகள் பிந்துவதற்கு முதற்காரணம். குரலைத் தட்டச்சாக்கும் செயலிகள் செய்தித் தமிழுக்குப் பரவாயில்லை, சிங்களமும் ஆங்கிலமும் கலந்த கொழும்புப் பேச்சில் அவை சொல்லை ஊகித்து மாற்றிவிடும். பயன்படுத்தினால் வரிக்கு வரி பதிவைக் கேட்டுத் திருத்துங்கள். ‘போறன்’ என்றதைச் ‘செல்கிறேன்’ என்று திருத்த வேண்டாம்.

யூனிகோட்டில் மட்டும் தட்டச்சுச் செய்யுங்கள். பாமினியில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும், அதில் ‘மச்சாள்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

நூல்கள், பழைய ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், நினைவு மலர்களுக்கு நல்ல இடம். ஆங்கில ஆய்வுகளுக்கு இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம். காலனித்துவ ஆவணங்களுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம். இணையத்தில் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு ஈடில்லாத களஞ்சியம். இறந்தவர் நினைவாக அச்சிடப்படும், ‘கல்வெட்டு’ எனப்படும் அங்குள்ள நினைவு மலர்களை மட்டும் வைத்தே வம்சம், இடப்பெயர்வு பற்றி ஆய்வு செய்யலாம். தமிழிலேயே அடிப்படைகளை வாசிக்கப் பக்தவத்சல பாரதியின் அறிமுக நூல்கள் உதவும், கலைச்சொற்கள் மட்டும் நம் பாடத்திட்டத்திலிருந்து சில இடங்களில் வேறுபடும்.

படித்தால் வேலை கிடைக்குமா?

‘மானிடவியலாளர்’ என்று பதவிப் பெயரோடு விளம்பரம் வருவது அரிது. ஆய்வு நிறுவனங்கள், அரசசார்பற்ற அமைப்புகள், சந்தை ஆய்வு, ஆசிரியத் தொழில், நிர்வாக சேவைப் பரீட்சை ஆகியவை வழமையான பாதைகள். வெளிநாட்டுக் கடனில் நடக்கும் பெரிய வீதி, வடிகால், வீட்டுத் திட்டங்களுக்குச் சமூகப் பாதிப்பு மதிப்பீடு தேவைப்படுகிறது. மும்மொழியில் வீட்டுக்குள் இருந்து கதைத்து அறிக்கை எழுதக்கூடியவர்களுக்கு அங்கே இடம் உண்டு. ஆகவே சிங்களத்தைப் பேச்சளவிலாவது பழகுங்கள். மேற்படிப்பு நோக்கமென்றால், கல்கிசை சென் தோமஸ் கல்லூரியில் படித்து 1951இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா ஹாவர்ட்டில் பேராசிரியரானார் என்பதை நினைவில் வையுங்கள். இந்தத் துறையில் உலகளவில் மதிக்கப்படும் பெயர்களில் அவருடையது ஒன்று.

ஆய்வு முடிந்ததும் களத்தை எப்படி விட்டு வருவது?

கடைசி நாள் எது என்று இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்து அங்கே போகும் மாணவருக்குக் கதவு திறக்காது. எடுத்த படங்களை அச்சிட்டுக் கொடுங்கள். ஆய்வேட்டிலிருந்து அவர்களைப் பற்றிய பகுதியை ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் அங்கேயே சொல்வார்கள்.

உறவுமுறை வரைபடத்தின் பிரதி வேண்டுமென்று அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பெரிதாக ஏ3 தாளில் வரைந்து கொடுக்கலாம். ஆனால் முதல் மணம், இறந்த பிள்ளை, பேச்சுவார்த்தை நின்ற அண்ணன் போன்றவற்றை ஒருவர் உங்களிடம் தனியாகச் சொல்லியிருப்பார், மற்றவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். பென்சில் பிரதியைச் சொன்னவரிடம் தனியே காட்டி, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று கேட்டு அழித்த பின்பே பேனையால் வரையுங்கள்.